கோழிகளின் பாதச் சீழ்க்கட்டியும் கட்டுப் போடும் முறையும்

ஊவா மாகாணத்தில் வடகீழ்ப் பருவமழை ஐப்பசியில் தொடங்கித் தை வரை நீடிப்பதுண்டு. அக்காலத்தில் பதுளை, பசறை, வெலிமடைப் பகுதிகளிலே லயத்து முற்றங்களும் கோழிக்கூட்டின் தரையும் எளிதிற் காய்வதில்லை. ஈரத்தில் ஊறி மென்மையடைந்த பாதத்திற் கூரிய கல்லோ, கவ்வாத்து மிலாற்றின் வெட்டு முனையோ, வேலிக் கம்பியோ குத்துமாயின், அக்காயத்தின் வழியே ஸ்டபிலோகொக்கஸ் என்னும் பற்றீரியா உட்புகுந்து சீழ் கட்டுகின்றது. உடல் பருத்த கோழிகளும் உயர்ந்த கொப்பிலிருந்து குதிக்கும் கோழிகளும் இந்நோய்க்கு எளிதில் இலக்காகும்.

நொண்டும் கோழியைக் கறியாக்குவதே வழியென எண்ணுவோர் பலர். தொடக்கத்திலே கண்டுகொண்டால் நல்ல முட்டைப் பேட்டை அவ்வாறு இழக்க வேண்டியதில்லை. ஆகவே வாரம் ஒருமுறை பாதங்களைத் திருப்பிப் பாருங்கள். உள்ளங்காலில் வீக்கமும் சூடும், நடுவிற் கறுத்த பொருக்கும் காணப்படின் அதுவே இந்நோய்.

கோழி அடங்கியிருக்கும் மாலை வேளையில் ஒருவர் அதனைச் சாக்கிற் சுற்றிப் பிடிக்க, மற்றவர் மருந்திடலாம். நெஞ்சை அழுத்திப் பிடித்தலாகாது. நெஞ்செலும்பு அசைந்தாலன்றிக் கோழி மூச்சுவிட இயலாது. இளஞ்சூடான நீரில் எப்சம் உப்பைக் கரைத்துப் பாதத்தைப் பத்து முதல் பதினைந்து நிமிடம் ஊறவிடுக. அந்நீரைக் கோழி குடித்தால் கழிச்சல் உண்டாகும். பின்னர் துடைத்து, சாயத்தண்ணீரின் நிறம் வரும்வரை நீர் கலந்த பொவிடோன் அயடீனாற் கழுவுக. இளகிய பொருக்கு தானே கழன்றால் எடுக்கலாம். சவர அலகினால் ஆழமாகத் தோண்டுவது பெருந்தவறு. கோழியின் சீழ் நீராக வடியாது, கட்டியாக இறுகியிருக்கும். பிதுக்கினால் அது உள்ளே பரவி, தசைநாரையும் எலும்பையும் பற்றும்.

புண்மீது துப்புரவான கோஸ் துணியை மடித்து வைத்து, ஓரங்குல அகலமுள்ள துணிப்பட்டையை விரல்களுக்கு இடையே செலுத்தி, கணுக்காலைச் சுற்றி எட்டு வடிவிற் கட்டுக. விரல் நுனிகள் வெளியே தெரிய வேண்டும். அவை வீங்கினாலோ குளிர்ந்தாலோ கட்டு இறுக்கமென்று அறிந்து உடனே தளர்த்துக. கட்டை நாள்தோறும் மாற்றுவது நன்று. நனைந்த கட்டு, கட்டாமையிலும் கேடு. பழைய துணியை எரித்துவிட்டுக் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுக. இக்கிருமி மனிதரின் புண்ணிலும் பற்றக் கூடியது. சேற்று வயலில் வேலை செய்து கை வெடித்தவர்கள் கையுறையின்றி இவ்வேலையைத் தொடலாகாது.

மருந்திட்ட கோழியை மீண்டும் சேற்றில் விட்டால் பட்ட பாடெல்லாம் வீணாகும். உலர்ந்த நெல் உமியை நான்கங்குலம் பரப்பிய தனிக்கூட்டில் வைத்து, ஈரமான உமியை அவ்வப்போது அகற்றுக. குந்தும் கொப்பு இரண்டு அங்குல அகலமாய், விளிம்பு மழுங்கியதாய், ஒன்றரை அடிக்கு மேற்படாத உயரத்தில் இருக்கட்டும். உயிர்ச்சத்து ‘ஏ’ குறைந்தாலும் பாதத்தோல் கெடுமாதலால், தோட்டத்திற் கழித்த கரட்டையும் கீரையையும் நறுக்கிக் கொடுக்கலாம்.

நாலைந்து நாளில் வீக்கம் தணியாவிடினும், கோழி காலை ஊன்றாவிடினும், பிரதேசக் கால்நடை வைத்திய அலுவலகத்துக்குக் கொண்டு செல்லுங்கள். வீட்டிலுள்ள மனிதர் மாத்திரையைப் பொடித்துக் கொடுக்க வேண்டாம். வைத்தியர் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுத்தால், எத்தனை நாளுக்கு முட்டையை உண்ணலாகாதென அவரிடமே கேட்டறிக.