ஒரே தோலில் இரண்டு காலம்

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களில் வரிசையாகக் கட்டிய குடியிருப்புக்கு லயம் என்று பெயர். வெள்ளைக்காரனின் 'லைன்' நம் வாயில் லயமாயிற்று. தாளத்தில் காலம் பிசகாமல் நடப்பதற்கும் அதே பெயர். தற்செயல்தான். ஆனால் ஹட்டன், நுவரெலியாத் தோட்டங்களில் பொழுது நகர்ந்த விதத்தை நினைத்தால் அந்தத் தற்செயல் மனதைப் பிடித்துக்கொள்கிறது.

கடிகாரமில்லாத லயங்களுக்கு விடியலைச் சொன்னது தப்பு என்னும் பறை. இருள் பிரியுமுன், வேலைக்குப் பேர் பதியும் பிரட்டுக்கு அழைத்துத் தப்பு முழங்கும். தேத்தண்ணியைக் குடித்து, கைப்பிள்ளையைப் பிள்ளைக்காம்பரா என்ற காப்பகத்தில் விட்டுவிட்டுப் பிரட்டுக் களத்துக்கு ஓட வேண்டும். பிந்தினால் அன்றைக்குப் பேர் இல்லை. பேர் இல்லையென்றால் சம்பளமும் இல்லை. 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் சென்ற சி.வி. வேலுப்பிள்ளை, தோட்டத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நெடுங்கவிதையை இந்த விடியற்கால முழக்கத்தோடுதான் தொடங்கினார்.

மாசியில் அதே தப்பு வேறொரு காலத்தைக் கொண்டுவரும்.

நெல்லுக்கு விதைப்பும் அறுப்பும் உண்டு. தேயிலைக்கு இல்லை. ஏழெட்டு நாளில் மறுபடி கொழுந்து வந்துவிடும், வருஷம் முழுக்க. வருஷம் திரும்பிவிட்டதைச் செடி சொல்லாது. மாசியில் ஆடும் காமன் கூத்துதான் சொல்லும். அமாவாசை கழிந்து காமன் கம்பம் ஊன்றியதும் இரவுகள் மாறிவிடும். ரதியும் காமனான மதனும் வாசலுக்கு வாசல் ஆடி வருவார்கள். பனியில் தப்பின் தோல் தொய்ந்துபோகும். தீ மூட்டிக் காய்ச்சிக் காய்ச்சி அடிப்பார்கள். தவம் கலைந்த சிவன் மதனை எரிக்க, ரதியின் புலம்பல் எழும்போது பெண்கள் கண்ணைத் துடைப்பார்கள். அவர்கள் அழுவது மதனுக்காக மட்டுமல்ல என்றே நினைக்கிறேன். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. அக்காள் ஒரு நாட்டிலும் தங்கை ஒரு நாட்டிலுமாகப் பிரிந்த குடும்பங்கள் இவை. எரிந்த மதன் கூத்தில் எழுந்துவிடுவான். ரயிலேறிப் போனவர்கள் அடுத்த மாசிக்கு வரவில்லை.

இந்த இரண்டு காலத்தையும் கையில் வைத்திருந்த தப்படிப்பவரைச் சாதியின் பேரால் ஒதுக்கி வைத்தோம் என்பதையும் சொல்லியாக வேண்டும். சாவுக்கும் அவரையே அழைத்தோம், சாமிக்கும் அவரையே அழைத்தோம். அவர் வீட்டுப் பிள்ளைகள் இன்று தப்பைத் தொட மறுத்தால் அது நியாயம்.

காமன் எரிந்த இரவிலும் அவருக்குத் தூக்கமில்லை. சாம்பல் ஆறுமுன் தப்பை மறுபடி காய்ச்சி, லயத்து முனையில் போய் நிற்பார், பிரட்டுக்கு ஆள் எழுப்ப.