வலி அறியாத பாதமும் பாதநல வல்லுநரும்

காலில் வலி இல்லையெனில் கால் நலமாக உள்ளது என நாம் எண்ணுகிறோம். இனிப்புநீர் நோயுடையோர்க்கு இவ்வெண்ணம் பொருந்தாது. 2023ஆம் ஆண்டில் நடந்த தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களுள் 15.6 விழுக்காட்டினருக்கு இந்நோய் உண்டு.

இரத்தத்தில் சர்க்கரை பல்லாண்டுகள் மிகுந்திருப்பின் பாதத்தின் நரம்புகள் உணர்விழக்கும். பால்மரக் காட்டில் முள் தைத்தாலும், காலணிக்குள் சிறுகல் உறுத்தினாலும் தெரியாது. இரத்தக் குழாய்களும் குறுகுவதால் புண் எளிதில் ஆறாது. கிருமி பரவித் தசை அழுகினால், உயிரைக் காக்கக் காலையே துண்டிக்க நேரிடும். நடந்து நடந்து மரம் வெட்டிப் பிழைப்போர்க்குக் கால் போனால் வருவாயும் போகும்.

இந்நிலை வாராமல் தடுப்பதே பொடியாட்ரிஸ்ட் எனப்படும் பாதநல வல்லுநரின் முதற்பணி. அவர் மெல்லிய நைலான் இழையைப் பாதத்தில் பல இடங்களில் அழுத்தி, கண்களை மூடியிருக்கும் நோயாளியிடம் உணர்வு உண்டா என வினவுவார். இவ்விழை 10 கிராம் அழுத்தத்தில் வளையும் தன்மையது. அதனை உணராத பாதம் ஆபத்திலுள்ள பாதமாகும். புறங்காலிலும் உட்கணுக்காலின் பின்புறத்திலும் நாடி பார்த்து, இரத்த ஓட்டத்தையும் அறிவார்.

காய்ப்பும் ஆணியும் சிறு தொல்லைகள் என நாம் அவற்றைப் புறக்கணிக்கிறோம். அவற்றின் அழுத்தத்தால் அடியிலுள்ள தசை நசுங்கிப் புண்ணாகக்கூடும். வல்லுநர் அவற்றைப் பக்குவமாகச் சீவி அகற்றுவார். தடித்த நகங்களை வெட்டுவார். புண்ணிலுள்ள இறந்த தசையை நீக்கிக் கட்டுவார். புண்மீது பாரம் விழாதபடி காலணிக்கு ஏற்ற உள்மெத்தையையும் பரிந்துரைப்பார். பிளேடு கொண்டோ, பால் வெட்டும் கத்தி கொண்டோ நாமே ஆணியைச் சீவுதல் பெருந்தீங்காகும்.

பாதநல வல்லுநர் எல்லாக் கிளினிக்குகளிலும் இரார். எனினும் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் பாதங்களைப் பரிசோதித்து, தேவைப்படின் மருத்துவமனைக்கு அனுப்பிவைப்பர். இனிப்புநீர் உள்ளோர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் இப்பரிசோதனையைக் கேட்டுப் பெறுதல் வேண்டும்.

வேலை முடிந்து வீடு திரும்பியதும் பாதங்களைக் கழுவி, விரலிடுக்கின் ஈரத்தைத் துடைத்து, உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்ப்போம். பார்வை குன்றியோர்க்குப் பிள்ளைகள் பார்த்துச் சொல்லலாம். காலணியை உதறிய பின்னரே அணிவோம். கொப்புளமோ, சிவப்போ, புண்ணோ காணின், வலிக்காவிடினும் மறுநாளே கிளினிக்கிற்குச் செல்வோம். ஒரு நாட்கூலியை இழக்க அஞ்சி, வாழ்நாள் முழுவதும் உழைக்க வேண்டிய காலை இழத்தல் ஆகாது.