வாகனக் காப்புறுதி: நம் வீட்டுப் பத்திரம் எதைக் காக்கிறது?

"எங்கள் வாகனத்துக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது." இப்படிச் சொல்லாத குடும்பமில்லை. ஆனால், "என்ன இன்சூரன்ஸ்?" என்று கேட்டால், அநேகமான பெண்களின் பதில், "அது அவருக்குத்தான் தெரியும்" என்பதாகவே இருக்கும். கார், வேன், முச்சக்கர வண்டி எதுவானாலும் அது குடும்பத்தின் சொத்து. பல வீடுகளில் அடுப்பு எரிவதும் அதன் உழைப்பில்தான். எனவே அதன் காப்புறுதிப் பத்திரத்தில் உள்ளதைக் குடும்பத் தலைவியும் அறிந்திருப்பது அவசியமாகும்.

மூன்றாம் தரப்புக் காப்புறுதி

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, காப்புறுதியின்றி வீதியில் வாகனம் செலுத்துவது குற்றமாகும். காப்புறுதிச் சான்றிதழ் இல்லாமல் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரத்தையும் பெற முடியாது.

சட்டம் கட்டாயப்படுத்துவது மூன்றாம் தரப்புக் காப்புறுதியை மட்டுமே. நாமும் காப்புறுதி நிறுவனமும் இரு தரப்பினர். நமது வாகனத்தால் பாதிக்கப்படும் வெளியாளே மூன்றாம் தரப்பு. அவருக்கு ஏற்படும் மரணம் அல்லது உடற்காயத்துக்கான நட்டஈட்டுப் பொறுப்பை இக்காப்புறுதி ஏற்கிறது. அவரது வாகனம், மதில் போன்ற சொத்துக்களின் சேதத்துக்கு எவ்வளவு தொகை வரை வழங்கப்படும் என்பது ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் வேறுபடும். அதனைக் கேட்டறிந்துகொள்ள வேண்டும்.

கட்டணம் குறைவு என்பதால் பலர் இதனையே தெரிவு செய்கின்றனர். ஆனால் நமது வாகனத்தின் சேதத்துக்கோ, அதனை ஓட்டிச் சென்ற நம்மவரின் காயத்துக்கோ இதில் ஒரு சதமும் கிடைக்காது.

நான் பணியாற்றும் பிரதேசத்தில் முச்சக்கர வண்டி ஓட்டி வந்த ஒருவர், வண்டி மரத்தில் மோதியதில் உயிரிழந்தார். மூன்று பிள்ளைகளின் தாயான அவரது மனைவி, காப்புறுதிப் பணம் வரும் என்ற நம்பிக்கையோடு பத்திரத்தை எடுத்து வந்தார். அது மூன்றாம் தரப்புக் காப்புறுதி. வண்டியும் இன்னும் முன்னைய உரிமையாளரின் பெயரிலேயே இருந்தது. உழைத்தவரையும் இழந்து, உழைக்கும் வண்டியையும் இழந்த அந்தச் சகோதரிக்கு அப்பத்திரத்தால் எப்பயனும் கிடைக்கவில்லை.

முழுமையான காப்புறுதி

மூன்றாம் தரப்புப் பொறுப்புடன், நமது வாகனத்துக்கு விபத்து, தீ, களவு ஆகியவற்றால் ஏற்படும் இழப்பையும் ஈடுசெய்வது முழுமையான காப்புறுதியாகும். லீசிங் முறையில் வாகனம் எடுப்போரிடம் நிதி நிறுவனங்கள் கேட்பது இதனையே.

"முழுமையான" என்ற சொல்லைக் கேட்டு எல்லாம் அடங்கிவிட்டது என எண்ணிவிடக் கூடாது. வெள்ளம், மண்சரிவு போன்ற இயற்கை அனர்த்தங்கள், சாரதிக்கான தனிநபர் விபத்துக் காப்புறுதி என்பவை பெரும்பாலும் மேலதிகக் கட்டணம் செலுத்திச் சேர்க்கப்பட வேண்டியவை. 2016 மே மாத வெள்ளமும் 2025 நவம்பரில் வீசிய டித்வா புயலும் கண்ட நாட்டில் இதனை அலட்சியம் செய்வதற்கில்லை.

கலவரம், வேலைநிறுத்தம், பயங்கரவாதம் என்பவற்றுக்கும் தனிக் காப்பு உண்டு. இதற்கான நிதியத்தை அரசின் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் நிர்வகிக்கிறது. 2022 மே 9ஆம் திகதி வன்முறைகளில் வாகனங்கள் எரிந்தபோது, இந்தக் காப்பு இருந்ததா இல்லையா என்பதே உரிமையாளர்களின் முதற் கேள்வியாயிற்று.

பெறுமதியைக் கவனியுங்கள்

2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதன் பின்னர் பாவித்த வாகனங்களின் விலையும் பன்மடங்கு உயர்ந்தது. ஆனால் பலர் பழைய பெறுமதியிலேயே காப்புறுதியைப் புதுப்பித்து வந்தனர். இதில் ஓர் ஆபத்து உண்டு.

60 இலட்சம் ரூபா பெறுமதியான காரை 30 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்திருக்கிறோம் என வைத்துக்கொள்வோம். விபத்தில் 4 இலட்சம் ரூபா சேதம். பாதிப் பெறுமதிக்கே கட்டணம் செலுத்தியதால், சேதத்திலும் பாதியை, அதாவது 2 இலட்சத்தையே நிறுவனம் வழங்க முடியும். பெறுமதி குறைந்த காப்புறுதிக்கான இந்த விதி பல ஒப்பந்தங்களில் இருக்கிறது. ஆகவே புதுப்பிக்கும் ஒவ்வொரு தடவையும் சந்தை விலையை விசாரித்து, தொகையைத் திருத்திக்கொள்ளுங்கள்.

கோரிக்கை நிராகரிக்கப்படுவது ஏன்?

செல்லுபடியான சாரதி அனுமதிப்பத்திரம் இல்லாதவர் ஓட்டியிருந்தால், அல்லது மது அருந்தி ஓட்டியிருந்தால் நமது வாகனத்துக்கான நட்டஈடு மறுக்கப்படலாம். சொந்தப் பாவனைக்கெனக் காப்புறுதி செய்த வேனைப் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றவோ வாடகைக்கோ ஈடுபடுத்துவதும் அவ்வாறே. வாகனத்தை வாங்கியதும் உரிமையை நமது பெயருக்கு மாற்றி, காப்புறுதி நிறுவனத்துக்கும் அறிவிக்க வேண்டும். "ஓபன் பேப்பர்" மட்டும் போதும் என்றிருப்பது, விபத்து நேரும் நாளில் பெரும் சிக்கலாகிவிடும்.

விபத்து நடந்தால் காயமடைந்தவரைக் கவனிப்பதே முதற் கடமை. பின்னர் காப்புறுதி நிறுவனத்துக்கும், ஆட்களுக்குக் காயமெனில் பொலிஸாருக்கும் உடனடியாக அறிவிக்க வேண்டும். நிறுவனத்தின் மதிப்பீடு முடியுமுன் வாகனத்தைத் திருத்தக் கூடாது. வெள்ளத்தில் மூழ்கிய வாகனத்தை ஸ்டார்ட் செய்யவும் கூடாது. அதனால் இயந்திரம் பழுதடைந்தால் பொறுப்பு நம்மீது வந்துவிடும்.

நாம் பாதிக்கப்பட்டவரானால்

பிறரது வாகனம் மோதி நம்மவர் காயமடைந்தால் அல்லது இறந்தால், நாமே மூன்றாம் தரப்பு. நட்டஈடு கோரும் வழக்கை இரண்டு வருடங்களுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். துக்கத்திலும் பொலிஸ் நிலையத்துக்கு அலைவதிலும் இக்காலம் கடந்துவிடுவதே பல குடும்பங்களின் நிலை. சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லாதோர் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

நமது கோரிக்கையை நிறுவனம் நியாயமின்றி மறுப்பதாகக் கருதினால், முதலில் அந்நிறுவனத்துக்கே எழுத்தில் முறையிட வேண்டும். அதிலும் திருப்தியில்லையெனில் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் கட்டணமின்றி முறையிடலாம். இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவும் முறைப்பாடுகளை ஏற்கிறது.

சகோதரிகளே, இன்றே அந்தப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். எந்த வகைக் காப்புறுதி, யாருடைய பெயரில், எவ்வளவு தொகைக்கு, எந்தத் திகதி வரை என்ற நான்கையும் வாசித்து, ஒரு பிரதியை வீட்டு ஆவணங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். விளங்காததைக் கணவரிடமோ முகவரிடமோ கேளுங்கள். முகவரின் வாய்ப்பேச்சு போதாது. எதையும் எழுத்தில் பெற்றுக்கொள்வதே நல்லது.