விடியலுக்கு முன்பே விழிக்கும் உடல்

புதுச்சேரிக்கு அருகே பூரணாங்குப்பத்தில் அதிகாலை மணி நாலு. தென்னந்தோப்புகளுக்கு அப்பால் வங்காள விரிகுடா இன்னும் இருட்டில் கிடக்கிறது. தினமும் ஆறு மணிக்கு எழும் பழக்கமுள்ள ஒருவர் வீட்டுக்குள் அயர்ந்து தூங்குகிறார். ஆனால் அவருடைய உடலுக்குள் காலை தொடங்கிவிட்டது. இரவெல்லாம் இறங்கிக்கொண்டே வந்த உடல் வெப்பம், விழிக்க இரண்டு மணி நேரம் இருக்கும்போதே அடிமட்டத்தைத் தொட்டு மெல்ல ஏறத் தொடங்குகிறது. இரவுக்கான சுரப்பான மெலடோனின் வடிகிறது. சுறுசுறுப்புக்கான கார்ட்டிசால் ஏறுகிறது. கண் திறந்த அரை மணி, முக்கால் மணி நேரத்தில் இந்தக் கார்ட்டிசால் இன்னும் ஏறத்தாழ பாதிப் பங்கு கூடும். அலாரம் அடிக்கும் முன்பே விழிப்பு வந்துவிடும் நாட்கள் உண்டல்லவா? அந்த நாட்களில் நடந்தது இதுதான்.

நேரம் பார்த்து இதையெல்லாம் நடத்துவது யார்? இரு கண்களின் நரம்புகளும் மூளைக்கு அடியில் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிச் செல்கின்றன. அந்தச் சந்திப்புக்கு நேர் மேலே, அரிசி மணியைவிடச் சிறிய இரண்டு நரம்புத் திரள்கள் இருக்கின்றன. மூளையில் மொத்தம் சுமார் 8,600 கோடி நரம்பு செல்கள் என்றால், இவற்றில் இருப்பவை ஏறக்குறைய 20,000 மட்டுமே. இவைதான் உயிர்க்கடிகாரம், அதாவது உடலின் இருபத்துநாலு மணி நேரச் சுழற்சியை நடத்தும் தலைமையிடம்.

கடிகாரம் என்றதும் பல்சக்கரத்தைத் தேட வேண்டாம். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஒரு மரபணு ஒரு புரதத்தைச் செய்யச் சொல்கிறது. புரதம் சேர்ந்துகொண்டே போகிறது. போதுமான அளவு சேர்ந்ததும் அது செல்லின் உட்கருவுக்குள் நுழைந்து, தன்னைச் செய்யச் சொன்ன மரபணுவையே அடைத்துவிடுகிறது. உற்பத்தி நிற்கிறது. இருக்கும் புரதமும் சிதைந்து தீர்ந்ததும் பூட்டு திறக்கிறது, மீண்டும் உற்பத்தி. இந்த ஒரு சுற்று முடிய ஏறத்தாழ ஒரு நாள்! 1971இல் கோனோப்கா, பென்சர் என்ற இரு ஆய்வாளர்கள் பழ ஈக்களில் இந்த மரபணுவின் தடத்தைக் கண்டார்கள். அது வேலை செய்யும் விதத்தை விளக்கிய ஹால், ராஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017இல் நோபல் பரிசு கிடைத்தது. ஈக்கும் நமக்கும் அடிப்படை அமைப்பு ஒன்றே என்பது என்னை இன்றும் திகைக்க வைக்கிறது.

இப்படி ஒரு கடிகாரம் உண்டு என்பதை முதலில் காட்டியவை செடிகள். அலெக்சாண்டரின் தளபதிகளுள் ஒருவரான ஆண்ட்ரோஸ்தெனிஸ், இன்றைய பஹ்ரைன் தீவில் புளியமரத்தின் இலைகள் இரவில் மூடிப் பகலில் விரிவதைக் குறித்து வைத்தார். 2,300 ஆண்டுகளுக்கு முந்தைய குறிப்பு அது. நம் ஊர்ச் சாலையோரப் புளியமரங்களிலும் மாலையில் இதைப் பார்க்கலாம். வெயில் போனதால்தான் மூடுகிறது என்று எவரும் நினைப்பார்கள். 1729இல் பிரான்சில் தெ மைரான் என்ற அறிவியலாளர் தொட்டாச்சிணுங்கியை இருட்டில் வைத்துப் பார்த்தார். சூரியனைக் காணாமலே அது பகல் நேரத்தில் இலை விரித்தது.

மனிதனை இருட்டில் வைத்தால்? 1962இல் மிஷேல் சிஃப்ர் என்ற 23 வயது பிரெஞ்சு இளைஞர் கடிகாரம் இல்லாமல் ஆல்ப்ஸ் மலைக் குகைக்குள் இறங்கினார். இரண்டு மாதம் கழித்து, செப்டம்பர் 14 அன்று, சோதனை முடிந்தது என்று மேலிருந்து சொன்னபோது அவர் கணக்கில் அன்று ஆகஸ்ட் 20தான். அவருடைய மனம் 25 நாட்களைத் தொலைத்திருந்தது. உடலோ தொலைக்கவில்லை. தூங்கி விழித்த சுற்றுகளைக் கணக்கிட்டால், ஒரு சுற்று சராசரியாக இருபத்துநாலரை மணி நேரம்!

இந்தச் சோதனைகள் தமிழ்நாட்டிலும் நடந்தன என்பது பலருக்குத் தெரியாது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன் என்ற ஆய்வாளர் காலமறியாத தனியறை ஒன்றை அமைத்தார். சன்னல் இல்லை, கடிகாரம் இல்லை, வெளியுலகச் செய்தி இல்லை. அதற்குள் தன்னார்வலர்கள் வாரக்கணக்கில் வாழ்ந்தார்கள். அவருடைய குழு மதுரைப் பக்கத்துக் குகை ஒன்றில் வௌவால்களையும் ஆராய்ந்தது. குகைக்குள் வெளிச்சமே எட்டாத இடத்தில் கூண்டில் இருந்த வௌவால்கள் சரியான நேரம் காத்தன. எப்படி? மாலையில் இரை தேடிப் பறந்து போய் விடியலில் திரும்பும் தோழர்களின் சந்தடியிலிருந்து. தோழர்கள் இல்லாதபோது அவற்றின் நேரம் மெல்ல நழுவியது. வீட்டில் ஒருவர் எழுந்து வாசல் தெளிக்கும் ஓசைக்கும் அக்கம்பக்கத்துப் பேச்சுக்கும் நம்மை எழுப்புவதில் பங்கு உண்டு என்று நான் நம்புவது இதைப் படித்த பிறகுதான்.

நழுவுவதுதான் முக்கியமான செய்தி. மனிதக் கடிகாரத்தின் சுற்று சராசரியாக 24 மணி 11 நிமிடம் என்று 1999இல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் அளந்தார்கள். தினமும் 11 நிமிடம் பிந்தினால் ஐந்தாறு நாளில் ஒரு மணி நேரம் போய்விடும். எனவே நாள்தோறும் முள்ளைத் திருப்பி வைக்க வேண்டும். அந்த வேலையைச் செய்வது காலை வெளிச்சம்.

கண்ணில் பார்ப்பதற்கான செல்கள் தனி, நேரம் அறிவதற்கான செல்கள் தனி. மெலனாப்சின் என்ற நிறமியைக் கொண்ட இந்த இரண்டாம் வகை உறுதியானது 2002இல்தான். உருவம் காட்டுவது இவற்றின் முதன்மை வேலை இல்லை. வெளிச்சம் எவ்வளவு என்று அளந்து, அந்த 20,000 செல்களுக்கு நேராகச் சொல்வதே வேலை. பார்வையை முழுதும் இழந்தவர்களிலும் சிலருக்கு இந்தச் செல்கள் பழுதில்லாமல் இருக்கின்றன. எதையும் காணாத அவர்களின் உடல் அப்போதும் விடியலை அறிகிறது. இச்செல்கள் அதிகம் விரும்புவது நீலத்தை. விடியலுக்கு முந்தைய கருக்கலில் தலைக்கு மேலே வானம் ஆழ்ந்த நீலமாக இருக்கும். சாய்வாக வரும் கதிர்கள் மேலடுக்கு ஓசோன் வழியே நெடுந்தூரம் கடக்கும்போது அவற்றின் மஞ்சளையும் ஆரஞ்சையும் ஓசோன் விழுங்கிவிடுவதால் எஞ்சும் நீலம் அது.

ஒளியை லக்ஸ் என்ற அலகில் அளக்கிறார்கள். டியூப்லைட் எரியும் வீட்டு அறையில் 100 முதல் 300 லக்ஸ். சூரியன் கடலுக்கு மேல் தலைகாட்டும் நேரத்தில் வெட்டவெளியில் சுமார் 400. ஒரு மணி நேரத்துக்குப் பின் தெளிந்த வானத்தின் கீழ் 10,000க்கும் மேல். மழை மேகம் மூடிய பகலிலும் வெளியே இருக்கும் வெளிச்சம் அறையைவிடப் பல மடங்கு. கண் தானாகச் சரிசெய்துகொள்வதால் நமக்கு இந்த வேறுபாடு தெரிவதில்லை. வீட்டில் வழக்கமாகப் போடும் விளக்குகள் வாசலுக்கு ஈடாகாது. கோலம் போடும் பதினைந்து நிமிடம், மாட்டைப் பிடித்துக் கட்டும் நேரம், சைக்கிளில் பக்கத்துத் தவளக்குப்பம் போய் வருவது எல்லாமே கடிகாரத்தைத் திருப்பும் வேலைகள்தான். தனியாக எதுவும் கற்க வேண்டியதில்லை. சூரியனை உற்றுப் பார்க்கவும் கூடாது, அது கண்ணைக் கெடுக்கும்.

காலை வெளிச்சத்தோடு தினமும் ஒரே நேரத்தில் எழுவதற்குப் பூரணாங்குப்பத்தைப் போல் வாய்ப்பான இடம் குறைவு. காரணம் அதன் அட்சரேகை, ஏறக்குறைய 12 பாகை வடக்கு. இங்கே ஆண்டு முழுவதும் சூரிய உதயம் சுமார் 5.45க்கும் 6.35க்கும் இடையில் அடங்கிவிடுகிறது. லண்டனில் கோடைக்கும் குளிருக்கும் உதய நேரம் மூன்று மணி நேரத்துக்கும் மேல் வேறுபடும். இன்னொரு வியப்பு: மிகக் குறுகிய பகல் மார்கழியில் வந்தாலும், நமக்குச் சூரியன் மிகத் தாமதமாக எழுவது தை மாதத்தில், ஜனவரியின் பிற்பகுதியில். அப்போதுகூடக் காலை ஆறேகாலுக்கு வானம் வெளுத்திருக்கும். ஒரே நேரத்தில் எழுவது இங்கே பன்னிரண்டு மாதமும் இயல்பாகக் கைகூடும்.

மற்றவை காலை வெளிச்சத்தையும் இந்த ஒரே நேர விழிப்பையும் சுற்றி அமைபவை. விழித்ததும் சிறிது நேரம் தலை மந்தமாக இருப்பது சோம்பல் இல்லை. மூளையின் பகுதிகள் ஒன்றன்பின் ஒன்றாக விழிக்கின்றன, பலருக்கு அரை மணிக்குள் தெளிந்துவிடும். அந்த நேரத்தில் ஃபோனில் வரும் கவலைகளைத் திணிக்காமல் இருந்தாலே காலை பாதி அமைதியாகிவிடும். கல்லீரலுக்குத் தனிக் கடிகாரம் உண்டு, அதைத் திருப்புவது உணவு நேரம். இட்லியோ பழைய சோறோ, தினமும் ஒரே நேரத்தில் இருந்தால் போதும். இரவில் பளிச்சென்ற வெளிச்சம் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளும். ஆகவே நல்ல காலை முந்தின இரவின் மங்கலான விளக்கில் தொடங்குகிறது. ஞாயிறன்று பத்து மணி வரை இருட்டறையில் கிடந்தால் திங்கட்கிழமை கடினமாவதும் இதனால்தான்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். பதின்பருவத்தில் மெலடோனின் தாமதமாகச் சுரக்கிறது. அந்த வயதுப் பிள்ளை விடிய எழ மறுப்பது பெரும்பாலும் உடலின் செயல், ஒழுங்கீனம் இல்லை. இரவு ஷிப்ட் பார்த்துவிட்டு விடியலில் வீடு திரும்பும் ஆலைத் தொழிலாளியும் தன் கடிகாரத்தோடு மல்லுக்கட்டுகிறார். அவருக்கு வேண்டியது இருட்டாக்கிய ஓர் அறையும் கலையாத தூக்கமும். காலையில் எழாதவர் என்று அவரைப் பேசுவது நியாயமில்லை.

மற்ற எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். புதிய பழக்கங்களின் நீண்ட பட்டியல் எதுவும் போட வேண்டாம். நாளைக்கு எழும் நேரத்தை முடிவு செய்து அதையே வாரம் முழுவதும் வைத்துக்கொள்ளுங்கள். எழுந்ததும் கதவைத் திறந்து, காபி டம்ளரோடு வாசலில் இருபது நிமிடம் இருங்கள். ஃபோன் உள்ளேயே இருக்கட்டும்.