ஒரு தட்டில் 2 கதை. விலை 6 ஆயிரம் யென்!

கார்ட்டூன் என்றால் குழந்தைகள் சமாச்சாரம் என்று நினைப்பவரா நீங்கள்? ஜப்பானில் ஆபீசுக்குப் போகிறவர்கள் அதற்காக சம்பளத்தையே கொட்டியிருக்கிறார்கள்!

அந்த நாட்டு கார்ட்டூனுக்கு "அனிமே" என்று பெயர். 2000-ம் ஆண்டை ஒட்டி, டோக்கியோ அகிஹபரா கடைவீதியில் ஒரு அனிமே டி.வி.டி. சுமார் 6 ஆயிரம் யென். பல தட்டுகளில் இருந்ததோ அரை மணிக் கதை இரண்டே இரண்டு. 26 வாரத் தொடர் முழுவதும் வேண்டுமா? 13 தட்டு. கூட்டிப் பாருங்கள், 78 ஆயிரம் யென். அடேங்கப்பா!

ஏன் இந்த விலை? பல அனிமே தொடர்கள் நள்ளிரவுக்கு மேல்தான் டி.வி.யில் வரும். பார்ப்பவர்கள் கொஞ்சம் பேர். போட்ட முதலை அப்போது தட்டு விற்றுத்தான் எடுத்தாக வேண்டியிருந்தது. விற்காவிட்டால் அடுத்த பாகம் அந்தரத்தில்தான்.

அமெரிக்க ரசிகர்கள் பாடு இன்னும் திண்டாட்டம். அங்கே வெளியான ஆங்கிலத் தட்டில் நாலைந்து கதை இருக்கும். விலை சுமார் 30 டாலர். ஆனால் வந்து சேர மாதக்கணக்கில் ஆகும். சில தொடர்கள் வராமலே போகும். பொறுக்காதவர்கள் ஜப்பானிலிருந்தே தருவித்தார்கள். தபால் செலவு தனி. ஆசையோடு தட்டைப் போட்டால் ஓடாது! ஜப்பான் தட்டுக்கு 2-ம் எண் பூட்டு; அமெரிக்க பிளேயருக்கு 1-ம் எண். அதற்கென்று வேறு பிளேயர் வாங்க வேண்டும். ஓடினாலும் பேச்சு ஜப்பானிய மொழி. ஆங்கில எழுத்து பெரும்பாலும் கிடையாது.

பிறகு எதற்கு வாங்கினார்கள்? முதல் பதிப்போடு வரும் ஓவியப் பெட்டிக்காக, படப் புத்தகத்துக்காக!

இப்போது சந்தா கட்டினால் இன்டர்நெட்டிலேயே பார்த்துவிடலாம். பழைய தட்டு வாங்குகிற ஆசாமியோ, உள்ளே புத்தகம் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்கிறார்.