மடிக்கணினி இயங்க மறுக்கிறதா? பழுதைக் கண்டறிவதும் தரவுகளைக் காப்பதும் எப்படி?

புது தில்லி: கடந்த 2024-ஆம் ஆண்டு ஜூலை 19-ஆம் தேதி வெள்ளிக்கிழமை, இந்திய நேரப்படி காலை 9.39 மணிக்கு, கிரவுட்ஸ்டிரைக் என்ற அமெரிக்க இணையப் பாதுகாப்பு நிறுவனம் தனது மென்பொருளுக்கு ஒரு சிறிய புதுப்பிப்பை அனுப்பியது. அதிலிருந்த பிழையால் உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையைக் காட்டி முடங்கின. இந்திய விமான நிலையங்களில் பயணிகள் பலருக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ்கள் வழங்கப்பட்டன.

ஒன்றரை மணி நேரத்துக்குள் அந்தப் புதுப்பிப்பு திரும்பப் பெறப்பட்டது. ஆயினும், முடங்கிய கணினிகளில் பலவற்றை ஊழியர்கள் ஒவ்வொன்றாகத் தொட்டுச் சீரமைக்க வேண்டியிருந்தது. அக்கணினிகளில் எந்தப் பாகமும் பழுதடைந்திருக்கவில்லை; சேமித்து வைத்த கோப்புகளும் அப்படியே இருந்தன. ஒரே ஒரு பிழையான கோப்பை நீக்கினால் போதும் என்ற நிலை. ஆனால், அதை நீக்க உள்ளே நுழைவதற்குப் பல கணினிகள் மீட்புக் குறியீட்டைக் கேட்டன. அந்தக் குறியீட்டைக் கையில் வைத்திருந்த நிறுவனங்கள் விரைவில் மீண்டன, மற்றவை காத்திருந்தன.

வீட்டில் இருக்கும் ஒரு மடிக்கணினி திடீரென இயங்க மறுக்கும்போதும் நிலைமை பெரும்பாலும் இதுதான். கணினி எழவில்லை என்பதாலேயே அதிலுள்ள ஆய்வேடோ, வணிகக் கணக்கோ, குடும்பப் புகைப்படங்களோ அழிந்துவிட்டன என்று பொருளல்ல. பதற்றத்தில் எடுக்கப்படும் தவறான நடவடிக்கையே பல நேரங்களில் அவற்றை அழிக்கிறது.

எந்தக் கட்டத்தில் நிற்கிறது?

பழுது நீக்குவதில் முதல் வேலை, கணினி எந்த இடத்தில் நின்றுபோகிறது என்பதைக் கவனிப்பது. ஆற்றல் பொத்தானை அழுத்தியதும் மடிக்கணினியில் மூன்று நிகழ்வுகள் வரிசையாக நடக்கின்றன. முதலில் மின்சாரம் மதர்போர்டைச் சென்றடைகிறது. அடுத்து, பயாஸ் எனப்படும் அடிப்படை மென்பொருள் நினைவகம், திரை, சேமிப்பகம் ஆகியவற்றைச் சோதிக்கிறது. இறுதியாக, சேமிப்பகத்திலிருந்து விண்டோஸ் போன்ற இயங்குதளம் ஏற்றப்படுகிறது.

விளக்கு, விசிறி எதுவும் அசையவில்லை எனில் சிக்கல் முதல் கட்டத்தில் உள்ளது. விளக்கு எரிந்தும் திரை இருண்டிருந்தால் இரண்டாம் கட்டம். தயாரிப்பு நிறுவனத்தின் சின்னம் தோன்றி, அதன் பிறகு நின்றுவிட்டால் மூன்றாம் கட்டம். இந்த ஒரு கவனிப்பே தேவையற்ற செலவு பலவற்றைத் தவிர்க்கும்.

விளக்கே எரியவில்லை எனில்

முதலில் சுவரிலுள்ள மின்செருகியில் வேறொரு சாதனத்தைப் பொருத்தி, மின்சாரம் வருகிறதா என உறுதி செய்ய வேண்டும். பின்னர் சார்ஜரின் கம்பி நசுங்கியோ, முனை கருகியோ உள்ளதா என்று பார்க்க வேண்டும். அதே மாதிரிக்கு ஏற்ற வேறு சார்ஜர் கிடைத்தால் அதைக் கொண்டு சோதிப்பதே விரைவான வழி.

யூஎஸ்பி டைப்-சி முனையுள்ள மடிக்கணினிகளில் ஒரு குழப்பம் அடிக்கடி நேர்கிறது. கைபேசியின் சார்ஜரும் அதே துளையில் பொருந்தும். ஆனால், பெரும்பாலான மடிக்கணினிகளுக்கு 45 முதல் 65 வாட் வரையிலான ஆற்றல் தேவை. சாதாரண கைபேசி சார்ஜர் அந்த ஆற்றலைத் தராது. மேலும், இரண்டு டைப்-சி துளைகள் இருந்தாலும் சில மாதிரிகளில் ஒன்று மட்டுமே மின்சாரத்தை ஏற்கும்.

பல மாதங்கள் பயன்படுத்தாமல் வைத்திருந்த மடிக்கணினியின் பேட்டரி முழுவதுமாக வடிந்திருக்கலாம். அதனைச் சார்ஜரில் இணைத்து அரை மணி நேரமாவது விட்டுவைத்த பின்னரே பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும்.

இவற்றால் பயனில்லை எனில், மதர்போர்டில் தேங்கியுள்ள எஞ்சிய மின்னூட்டத்தை வெளியேற்றும் முறையைக் கையாளலாம். சார்ஜர், பென் டிரைவ், மவுஸ் உள்ளிட்ட அனைத்தையும் அகற்ற வேண்டும். கழற்றக்கூடிய பேட்டரி எனில் அதையும் எடுத்துவிட வேண்டும். பின்னர் ஆற்றல் பொத்தானை 30 விநாடிகள் தொடர்ந்து அழுத்திப் பிடித்து விட்டு, சார்ஜரை மட்டும் இணைத்து இயக்க வேண்டும். எளிமையாகத் தோன்றினாலும், உறக்க நிலையில் சிக்கிக்கொண்ட கணினிகள் பலவற்றை இந்த முறை எழுப்பிவிடுகிறது. இதனால் கோப்புகளுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை.

விளக்கு எரிகிறது, திரை இருண்டிருக்கிறது

கணினி இயங்கிக்கொண்டிருக்க, திரை மட்டும் செயலிழந்திருக்கக் கூடும். கேப்ஸ் லாக் விசையை அழுத்தும்போது அதன் விளக்கு எரிந்து அணைந்தால் கணினி விழித்திருக்கிறது என்று கொள்ளலாம். இருட்டில் கைவிளக்கின் ஒளியைத் திரையின் மீது சாய்வாகப் பாய்ச்சும்போது மங்கலாக உருவங்கள் தெரிந்தால், பழுது திரையின் பின்னொளியில் உள்ளது. எச்டிஎம்ஐ கம்பி வழியாக வீட்டுத் தொலைக்காட்சியில் இணைத்துப் பார்ப்பதும் பலன் தரும். அங்கே படம் தெரிந்தால் மதர்போர்டும் சேமிப்பகமும் நலமாக உள்ளன. உடனடியாகக் கோப்புகளை நகலெடுத்துவிட்டுப் பின்னர் திரையைச் சரிசெய்யலாம்.

சில மடிக்கணினிகள் தமது நோயைத் தாமே அறிவிக்கும். விளக்கு குறிப்பிட்ட எண்ணிக்கையில் விட்டுவிட்டு எரிவதும், குறுகிய ஒலிகள் எழுவதும் அதற்கான அடையாளங்கள். எந்த நிறம், எத்தனை முறை என்பதைக் கைபேசியில் காணொளியாகப் பதிவுசெய்து, தயாரிப்பு நிறுவனத்தின் உதவிப் பக்கத்தில் அந்த மாதிரிக்கான பொருளுடன் ஒப்பிட வேண்டும். நிறுவனத்துக்கு நிறுவனம் இவற்றின் பொருள் மாறுபடும்.

இக்கட்டத்தில் அடிக்கடி காணப்படும் காரணம், ரேம் எனப்படும் நினைவக அட்டை தளர்ந்திருப்பது. மடிக்கணினியைத் திறந்து பழக்கமுள்ளவர்கள் மின் இணைப்பையும் பேட்டரி இணைப்பையும் துண்டித்து, உலோகப் பொருள் ஒன்றைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்னூட்டத்தை நீக்கிய பின்னர், அட்டையை எடுத்து மீண்டும் அழுத்திப் பொருத்தலாம். உத்தரவாதக் காலத்தில் உள்ள கணினியைத் திறக்கும் முன் அதன் நிபந்தனைகளைப் படிப்பது அவசியம். மெல்லிய மாதிரிகள் பலவற்றில் ரேம் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருப்பதால் இந்த வழி பொருந்தாது.

சின்னம் தோன்றிய பின் நின்றுவிட்டால்

நிறுவனச் சின்னமோ, நீலத் திரையோ தெரிகிறது எனில் வன்பொருளின் பெரும்பகுதி வேலை செய்கிறது. பென் டிரைவ், பிரிண்டர் போன்றவற்றை அகற்றிவிட்டு மறுபடியும் இயக்கிப் பார்ப்பது முதல் படி.

விண்டோஸ் தொடர்ந்து சில முறை ஏறத் தவறினால் மீட்புத் திரை தானாகத் தோன்றும். தோன்றாவிட்டால், சின்னம் தெரியும் நேரத்தில் ஆற்றல் பொத்தானை 10 விநாடிகள் அழுத்தி அணைப்பதை இரண்டு அல்லது மூன்று முறை செய்தால் அத்திரை வரும். அதிலுள்ள 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்' என்பதை முதலில் முயல வேண்டும். அண்மையில் புதுப்பிப்பு ஏதும் நிறுவப்பட்டிருந்தால் 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்' உதவும். 'சிஸ்டம் ரீஸ்டோர்' கணினியின் அமைப்புகளை முந்தைய நிலைக்குக் கொண்டு செல்லும். சொந்தக் கோப்புகளைத் தொடாது. மிகக் குறைந்த மென்பொருள்களுடன் கணினியை எழுப்பும் 'சேஃப் மோட்' வழியாகப் பிழையான செயலியையோ, டிரைவரையோ நீக்கலாம். 2024-ஆம் ஆண்டு ஜூலையில் பெரும்பாலான ஊழியர்கள் கையாண்டதும் இத்தகைய வழியையே.

துவக்கச் சாதனம் கிடைக்கவில்லை என்ற அறிவிப்பு வந்தால், பயாஸ் திரைக்குள் சென்று சேமிப்பகத்தின் பெயர் பட்டியலில் உள்ளதா என்று பார்க்க வேண்டும். பெயர் இருந்தால் சிக்கல் துவக்க வரிசையிலோ, இயங்குதளத்திலோ இருக்கிறது. பெயரே இல்லை எனில் சேமிப்பகம் தளர்ந்திருக்கலாம் அல்லது பழுதடைந்திருக்கலாம்.

48 இலக்கங்களின் மதிப்பு

பலரை அதிர்ச்சிக்குள்ளாக்குவது நீல நிறத்தில் தோன்றும் பிட்லாக்கர் திரை. மடிக்கணினி திருடப்பட்டாலும் தரவுகள் பிறர் கைக்குப் போகாதபடி சேமிப்பகத்தை மறையாக்கம் செய்யும் வசதி இது. மைக்ரோசாஃப்ட் கணக்கின் மூலம் அமைக்கப்படும் புதிய விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில் இது தானாகவே செயல்பாட்டுக்கு வந்துவிடுகிறது. உரிமையாளருக்கே இது தெரியாமல் இருப்பதுண்டு.

மதர்போர்டை மாற்றும்போதோ, பயாஸ் அமைப்புகளைத் திருத்தும்போதோ, கணினி ஐயம் கொண்டு 48 இலக்க மீட்புக் குறியீட்டைக் கேட்கும். அக்குறியீடு இல்லையெனில் கோப்புகளைத் திறக்க வேறு வழியில்லை. கடவுச்சொல்லை மாற்றித் தருவதாகக் கூறும் கடைக்காரராலும் இயலாது. தனிநபர் கணினிகளில் இக்குறியீடு பெரும்பாலும் அவரவர் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். கைபேசியிலிருந்தே அதைப் பார்க்கலாம். அலுவலகக் கணினி எனில் தகவல் தொழில்நுட்பப் பிரிவிடம் இருக்கும். கணினி நன்றாக இயங்கும்போதே அதைத் தாளில் எழுதி வைப்பது ஐந்து நிமிட வேலை.

'ரீசெட்' செய்வதற்கு முன்

மீட்புத் திரையில் உள்ள 'ரீசெட் திஸ் பிசி' என்பது கடைசி வழியாக இருக்க வேண்டும். அதில் கோப்புகளை வைத்துக்கொள்ளும் தெரிவு, செயலிகளை நீக்கும். அனைத்தையும் அகற்றும் தெரிவு, கோப்புகளையும் அழிக்கும். எதைத் தேர்ந்தெடுத்தாலும், முன்னதாகக் கோப்புகளை வெளியே எடுத்துவிடுவது நல்லது.

அதற்கு இரு வழிகள் உள்ளன. மற்றொரு கணினியின் உதவியோடு பென் டிரைவில் உபுண்டு போன்ற லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றி, நிறுவாமல் முயன்று பார்க்கும் தெரிவின் வழியாகக் கணினியை எழுப்பிக் கோப்புகளை நகலெடுக்கலாம். அல்லது, எஸ்எஸ்டியைக் கழற்றி, அதற்கான யூஎஸ்பி உறையில் பொருத்தி வேறு கணினியில் இணைக்கலாம். பிட்லாக்கர் உள்ள சேமிப்பகத்துக்கு இரு வழிகளிலும் மீட்புக் குறியீடு தேவைப்படும்.

பழைய ஹார்டு டிஸ்க்கிலிருந்து 'டிக் டிக்' என்ற ஒலி கேட்டால், மீண்டும் மீண்டும் இயக்கிப் பார்க்கக் கூடாது. ஒவ்வொரு முயற்சியும் உள்ளே உள்ள தட்டைச் சேதப்படுத்தக் கூடும். முக்கியமான தரவு எனில் மீட்பு நிபுணர்களிடம் ஒப்படைப்பதே உகந்தது.

ஆபத்தான இரு தருணங்கள்

தேநீரோ, தண்ணீரோ சிந்தியிருந்தால் உடனே அணைத்து, சார்ஜரை அகற்றிக் கவிழ்த்து வைக்க வேண்டும். வேலை செய்கிறதா என்று இயக்கிப் பார்ப்பதும், அரிசியில் புதைப்பதும் பயன் தராது. ஈரம் உலர்ந்தாலும் அதிலிருந்த சர்க்கரையும் உப்பும் மதர்போர்டை அரிக்கும் என்பதால் உள்ளே சுத்தம் செய்வது அவசியம்.

அடிப்பகுதி உப்பியிருந்தாலோ, டச்பேட் மேலெழுந்திருந்தாலோ பேட்டரி வீங்கியுள்ளது என்று பொருள். அத்தகைய கணினியைச் சார்ஜ் செய்யவோ, பேட்டரியை அழுத்தவோ, துளையிடவோ கூடாது. தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. வீங்கிய பேட்டரியைக் குப்பையில் வீசாமல் சேவை மையத்திலோ, மின்னணுக் கழிவு சேகரிப்பு மையத்திலோ ஒப்படைக்க வேண்டும்.

பழுதுபார்ப்பு மையத்தில் நுகர்வோரின் உரிமை

கணினியை ஒப்படைக்கும்போது அதன் வரிசை எண், ரேம் மற்றும் எஸ்எஸ்டியின் கொள்ளளவு, பழுதின் விவரம் ஆகியவை குறிப்பிடப்பட்ட ரசீதைப் பெற வேண்டும். தரவுகளுக்குப் பொறுப்பேற்க இயலாது என்ற நிபந்தனையில் பல மையங்கள் கையொப்பம் பெறுகின்றன. எனவே, அனுமதியின்றி ஃபார்மேட் செய்யக் கூடாது என்று ரசீதில் எழுதச் சொல்வதும், மாற்றப்பட்ட பழைய பாகங்களைத் திரும்பக் கேட்பதும் பாதுகாப்பானவை.

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022-ஆம் ஆண்டு டிசம்பரில் பழுதுபார்ப்பு உரிமைக்கான இணையதளத்தைத் தொடங்கியது. உத்தரவாதம், உதிரி பாகங்கள், சேவை மையங்கள் குறித்த நிறுவனங்களின் தகவல்களை ஓரிடத்தில் தருவது அதன் நோக்கம். சேவைக் குறைபாடு இருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் அளிக்கலாம். தீர்வு கிடைக்காவிட்டால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை எனில் அங்கு மனுவுக்குக் கட்டணம் இல்லை.

மடிக்கணினியின் எந்தப் பாகத்தையும் விலை கொடுத்து மாற்றிவிடலாம்; அதில் சேர்த்து வைத்த உழைப்பை அவ்வாறு வாங்க இயலாது. வெளிச் சேமிப்பகத்தில் ஒரு நகலும், தாளில் எழுதிய 48 இலக்கங்களும் வைத்திருப்பவருக்குக் கணினி எழாத காலை வேளை வெறும் பழுதுச் செலவோடு முடிந்துபோகும்.