பெற்றவளுக்குத் தெரிகிறது, பெரியம்மாவுக்கு ஏன் தெரிவதில்லை?

ஒரே கருமுட்டை இரண்டாகப் பிரிந்து பிறந்த இரட்டையரைத் தாய் எளிதில் பிரித்தறிவாள். பார்க்க வந்தவர்களோ திணறுவார்கள். இதற்குக் காரணம் பாசம் மட்டுமல்ல, பழக்கம். அறிமுகமில்லாத முகத்தை அடையாளம் காண மூளை முடி, முக வடிவம் போன்ற வெளி அம்சங்களையே அதிகம் நம்புகிறது. பழகிய முகத்திலோ கண், மூக்கு, வாய் ஆகியவற்றின் நுணுக்கங்களைப் பிடித்துக்கொள்கிறது. கைக்குழந்தைக்கு முடியும் சொற்பம், கன்னமும் உருண்டை. விருந்தினர் பாவம், எதைப் பிடிப்பார்கள்?

மரபணு கிட்டத்தட்ட ஒன்றே என்றாலும் உடல் அச்சுப்பிரதி அல்ல. விரல்ரேகை கருவின் 3, 4-ஆம் மாதங்களில் உருவாகிறது. அப்போது ஒவ்வொரு சிசுவும் இருக்கும் நிலை, வளரும் வேகம், அதன்மேல் படும் அழுத்தம் எல்லாம் ரேகையை மாற்றிவிடுகின்றன. நஞ்சுக்கொடியில் பங்கு குறைந்தால் ஒன்றின் எடை குறையும். மச்சங்களும் ஒரே இடத்தில் வருவதில்லை.

தலைச் சுழியைப் பாருங்கள். சில இரட்டையரில் ஒருவனுக்கு வலமாகவும் மற்றவனுக்கு இடமாகவும் சுழலும். மொட்டை அடித்தால் அடையாளம் போய்விடும் என்று பயப்படுவார்கள். உண்மையில் முடி முளைக்கும்போது சுழி பளிச்சென்று தெரியும்.

ஆனால் தூக்க வரும் அத்தையிடம் சுழி ஆராய்ச்சி எடுபடாது. ஒருவனுக்குக் கறுப்பு, மற்றவனுக்குச் சிவப்பு அரைஞாண் கயிறு போதும். கழுத்தில் கயிறு வேண்டாம், இறுக்கிவிடும். நகப்பூச்சு வைப்பதானால் கால் கட்டைவிரலில் வையுங்கள். கைவிரல் எப்போதும் வாயில்தான்.